மருந்துக்கடை, மதுக்கிடங்கு, துணிக்கடை: எல்லாம் ஒரே சொல்லா?

கேள்வி: வணக்கம். பி.பார்ம் முடித்துவிட்டு கரூரில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனிக்குப் போய் மருந்தாளுநராக வேலை செய்ய ஆசை. அதற்காக ஜெர்மன் படிக்கிறேன், இப்போது பி1 வகுப்பு. மருந்துக்கடைக்கு ஜெர்மனில் ‘அபொடேகெ’ என்று பாடத்தில் வந்தது. சரக்குக் கப்பலில் வேலை செய்யும் என் அண்ணன், கிரேக்கத் துறைமுகத்தில் கிட்டத்தட்ட அதே சொல் குடோன் வாசலில் எழுதியிருந்தது என்கிறான். அவனோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்கள் சரக்கு வைக்கும் இடத்தை ‘போதேகா’ என்பார்களாம். அதுவும் இதே சொல்தான் என்றார் எங்கள் ஆசிரியை. அதோடு நிற்காமல், என் சித்தி மகள் நடத்தும் ‘பொட்டிக்’கும் இதே சொல்தான் என்றார். நம்பவே முடியவில்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவோ, ‘வேர்ச்சொல்லின் பொருள்தான் உண்மையான பொருள், ஜெர்மன்காரர்கள்தான் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்கிறார். எது சரியான பொருள்? தெரிந்த ஆங்கிலச் சொல்லை வைத்து ஜெர்மன் சொல்லுக்குப் பொருள் ஊகிக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஆசிரியை சொன்னது முழுக்கச் சரி. ஜெர்மன் மருந்துக்கடை, கிரேக்க குடோன், பிலிப்பைன்ஸ்காரர்கள் சொல்லும் ஸ்பானியச் சரக்கறை, சித்தி மகளின் பொட்டிக் நான்குமே ஒரு கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. அப்பா சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் சொல்வதற்கு முன் சொல் எப்படியெல்லாம் பயணம் செய்தது என்று பார்த்துவிடுவோம்.

பழைய கிரேக்கத்தில் ‘அபொ’ என்றால் அப்பால், தனியாக. ‘தேகே’ என்றால் பெட்டி, உறை, ஒன்றை வைக்கும் இடம். ‘வை’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது இந்தத் ‘தேகே’. இரண்டும் சேர்ந்த ‘அபொதேகே’, எடுத்துத் தனியே வைக்கும் இடம். சேமிப்புக் கிடங்கு, அவ்வளவுதான். மருந்து வாசனையே அதில் கிடையாது. மத்தேயு 6:26-இல் ஆகாயத்துப் பறவைகள் விதைப்பதில்லை, அறுப்பதில்லை என்று சொல்லி, களஞ்சியத்தில் சேர்த்துவைப்பதும் இல்லை என்று வரும். தமிழ் விவிலியம் ‘களஞ்சியம்’ என்று சொல்லும் அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான்.

உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி. கிரேக்கத்தின் அந்த ‘வை’ வினைக்கு வடமொழியில் ஓர் உடன்பிறப்பு உண்டு, ‘தா’ என்ற வினையடி (கொடு என்னும் ‘தா’ அல்ல, வை என்னும் ‘தா’). அதோடு ‘நி’ என்ற முன்னொட்டு சேர்ந்து வந்ததுதான் நாம் தினமும் பயன்படுத்தும் ‘நிதி’. கீழே வைத்தது, சேர்த்து வைத்தது என்பது அதன் முதற்பொருள். கிரேக்கர்களின் கிடங்கும் நம் நிதி அமைச்சகத்தின் நிதியும் ஒரே பழைய வினையிலிருந்து கிளைத்தவை.

கிரேக்கத்திலிருந்து சொல் ரோமுக்குப் போனது. லத்தீனில் ‘அபொதேகா’. ரோமானியர்களிடம் தானியக் கிடங்குக்கு வேறு சொல் இருந்ததால் இதைப் பெரும்பாலும் திராட்சை மது வைக்கும் அறைக்குப் பயன்படுத்தினார்கள். அந்த அறை பலசமயம் வீட்டின் மேல்தளத்தில், கீழிருந்து புகை ஏறிவரும்படி அமைந்திருக்கும். புகையும் கதகதப்பும் பட்டால் மது சீக்கிரம் பக்குவப்படும் என்பது அவர்கள் கணக்கு. இந்த மது வாசனை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இன்றுவரை போகவில்லை. ஸ்பானியத்தில் ‘போதேகா’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது மது தயாரித்து வைக்கும் நிலவறைதான், கப்பலின் சரக்கறை அப்புறம். போர்ச்சுகீசியத்தில் அதே நிலவறை ‘அதேகா’.

‘அபொதேகா’ எப்படி ‘போதேகா’ ஆனது? தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிடச் சுலபம். ‘தலை’யில் வரும் தகரத்தையும் ‘அது’வில் வரும் தகரத்தையும் மாறிமாறிச் சொல்லிப் பாருங்கள். ‘கல்’, ‘அகல்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான்; சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை, இரண்டு உயிர்களுக்கு நடுவே மெல்ல நெகிழ்ந்த ஓசை. நாம் யோசிக்காமல் செய்யும் இதே காரியத்தை லத்தீன் ஸ்பானியமாக மாறிய நூற்றாண்டுகளில் அந்த மக்களின் நாக்கும் செய்தது. உயிர்களுக்கு நடுவே வந்த ப, த, க மூன்றும் நெகிழ்ந்தன. நண்பனைக் குறித்த லத்தீன் ‘அமிக்குஸ்’ ஸ்பானியத்தில் ‘அமிகோ’ ஆனது. வாழ்வைக் குறித்த ‘வீட்டா’வின் நடுவே இருந்த வல்லோசையும் இப்படித்தான் நெகிழ்ந்தது. ‘அபொதேகா’வில் அப்படிப்பட்ட மூன்று மெய்களும் வரிசையாக இருந்தன, மூன்றும் நெகிழ்ந்தன. அப்புறம் முன்னால் இருந்த அகரம் உதிர்ந்தது. பெண்பால் சொற்களுக்கு முன் வரும் ‘லா’ என்ற சுட்டோடு சேர்த்துச் சொல்லும்போது ‘லா’வின் அகரம் எது, சொல்லின் அகரம் எது என்று பிரித்தறிய முடியாமல் போனதுதான் காரணம்.

இத்தாலியத்தில் நடுவே இருந்த தகரம் நெகிழாமல் இரட்டித்து, ‘பொத்தேகா’ ஆனது. பொருள் அங்கே கடை, கைவினைஞரின் பட்டறை. 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் நகரில் ஓவியர்களும் சிற்பிகளும் வேலை செய்ததும் சீடர்களைப் பழக்கியதும் பொத்தேகாக்களில்தான். லியோனார்தோ டா வின்சி தொழில் கற்றது வெரோக்கியோவின் பொத்தேகாவில். இளம் மைக்கலாஞ்சலோ 1488இல் கிர்லாந்தாயோவின் பொத்தேகாவில் சேர்ந்தார். கிடங்கு, முன்பக்கம் விற்கிற கடையாகி, கடையின் பின்பக்கம் பட்டறையாகி, அந்தப் பட்டறை ஒரு கலைப்பள்ளியின் வேலையையும் பார்த்தது. சரக்கு வைத்த இடத்திலேயே விற்பனை நடக்கும்போது பெயர் இப்படி நகர்வது இயல்பு.

இனி சித்தி மகளின் பொட்டிக். எனக்கு இந்தச் சொல்லின் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. போதேகா, பொத்தேகா இரண்டிலும் நடுவே ‘தே’ இருக்கிறது. பொட்டிக்கில் அது ‘டி’ ஆகியிருக்கிறது. இந்த இகரம் எங்கிருந்து வந்தது?

காலப்போக்கில் கிரேக்க மொழியின் உச்சரிப்பு மாறியது. பழங்காலத்தில் ஏகாரமாக ஒலித்த எழுத்து பின்னாளில் இகரமாக ஒலிக்கத் தொடங்கியது. எழுத்து மாறவில்லை, ஓசை மட்டும் மாறியது. எழுத்தில் ‘அபொதேகே’ என்றே இருந்தாலும் கான்ஸ்டாண்டினோப்பிளின் வணிகர்கள் வாயில் அது ‘அபோதிக்கி’. உங்கள் அண்ணன் துறைமுகத்தில் பார்த்த பலகையையும் இன்றைய கிரேக்கர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள். மத்தியதரைக்கடல் வாணிபத்தில் இந்தப் புது உச்சரிப்போடு சொல் மறுபடியும் மேற்கே போனது. பிரான்சின் தெற்கே பேசப்படும் ஓக்சித்தான் மொழியில் ‘போத்திகா’, அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்கு ‘பூத்தீக்’, அதாவது கடை. ஸ்பானியத்திலும் ‘போத்திக்கா’ என்று நுழைந்தது. அங்கே அதன் பொருள் மருந்துக்கடை.

ஆக, ஸ்பானியத்தில் ஒரே சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. லத்தீன் வழியாகப் பரம்பரையாக வந்த போதேகா மதுக் கிடங்கு; பின்னாளில் கிரேக்க வணிகத்தோடு கடன்வந்த போத்திக்கா மருந்துக்கடை. பின்னது வந்து சேர்ந்தபோது மெய்கள் நெகிழும் காலம் முடிந்துவிட்டது, அதனால் அதன் தகரமும் ககரமும் வன்மையாகவே நின்றுவிட்டன. நமக்கும் இது பழக்கமானதுதான். வடமொழியின் ஒரே சொல் பிராகிருதம் வழியாக வந்து ‘இலக்கம்’ ஆனது, நேராக வந்து ‘லட்சம்’ ஆனது. இன்று வீட்டு இலக்கத்தையும் லட்ச ரூபாயையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

அண்ணனின் பிலிப்பைன்ஸ் நண்பர்களிடம் இன்னொன்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பெயின் அந்நாட்டை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டதால், இரண்டு சொற்களும் அவர்களிடம் போயிருக்கின்றன. அவர்களுடைய தகாலோக் மொழியில் போதேகா கிடங்கு, ‘போத்திகா’ மருந்துக்கடை. கிரேக்கத்தின் ஆதிப்பொருள், மதுவை உதறிவிட்டு, மணிலாவில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருவோம். கிடங்கு எப்படி மருந்துக்கடை ஆனது?

இடைக்கால ஐரோப்பாவில் ‘அபொதேகாரியுஸ்’ என்றால் முதலில் கிடங்குப் பொறுப்பாளர். மடாலயங்களில் மூலிகைகளும் வாசனைப் பொருட்களும் வைத்த அறை அவர் கையில் இருக்கும். நகரங்களிலோ மிளகு, சுக்கு, இலவங்கப்பட்டை, சர்க்கரை, மெழுகு, மருந்துச் சரக்கு எல்லாம் ஒரே வியாபாரியிடம் கிடைத்தன. நம் ஊர் நாட்டுமருந்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்: ரசத்துக்கு மிளகு வாங்குகிறவரும் இருமலுக்குத் திப்பிலி வாங்குகிறவரும் ஒரே கல்லாவின் முன் நிற்பார்கள். மலபார்க் கரையிலிருந்து அரபு, வெனிஸ் வணிகர்கள் கைமாறிப் போன மிளகும் இஞ்சியும் அங்கே சமையலுக்கும் சிகிச்சைக்கும் பொதுவான சரக்கு. அந்தக் கிடங்குக்காரர்களில் மருந்து கலக்கத் தெரிந்தவர்கள் மெல்லத் தனித் தொழிலாகப் பிரிந்தார்கள். 1240 வாக்கில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் தன் தெற்கு இத்தாலிய ஆட்சிப்பகுதிக்குப் போட்ட சட்டத்தில், மருத்துவர் மருந்துக்கடை வைத்துக்கொள்ளக் கூடாது, மருந்து விற்பவரோடு கூட்டும் சேரக் கூடாது என்று வந்துவிட்டது. எழுதுகிறவர் வேறு, எடுத்துக் கொடுக்கிறவர் வேறு என்று நீங்கள் கல்லூரியில் படித்த ஒழுங்குக்கு ஐரோப்பாவில் இது பழைய சான்று.

ஜெர்மன் மொழி பேசும் நகரங்கள் இந்தத் தொழிலுக்கு லத்தீன் பெயரையே வைத்துக்கொண்டன. அங்கிருந்து வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வீஜிய மொழிகள், ஃபின்னிஷ், எஸ்தோனியம், போலிஷ், ரஷ்யன், உக்ரைனியம் எல்லாவற்றிலும் மருந்துக்கடைக்கு இந்தச் சொல்லின் ஏதோ ஒரு வடிவம் வழங்குகிறது. ரஷ்யர்களும் போலந்துக்காரர்களும் அப்தேகா என்கிறார்கள். ஹங்கேரியில் பேச்சுவழக்கில் ‘பாத்திகா’. எஸ்தோனியாவின் தலைநகர் டாலினில் நகரமன்றச் சதுக்கத்தில் இருக்கும் ‘ராயேஆப்தேக்’ 1422ஆம் ஆண்டுப் பதிவிலேயே வருகிறது. இன்றும் அது மருந்துக்கடைதான். தெற்கே இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளில் இன்று வேறொரு கிரேக்கச் சொல்தான் பொதுவழக்கு: ‘ஃபார்மகோன்’ என்பதன் வழியாக வந்த ஃபார்மசி. கிரேக்கர்களும் தங்கள் மருந்துக்கடைக்கு அந்தச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். உங்கள் பட்டத்தில் இருக்கும் ‘பார்ம்’ அதுதான். பழைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மருந்து, நஞ்சு இரண்டும் பொருள். ஏதென்ஸ் தெருவில் ‘அபோதிக்கி’ எங்கே என்று கேட்டால் மாத்திரை கிடைக்காது, குடோனைக் காட்டுவார்கள்.

இங்கிலாந்தில் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது, அது நம் பக்கத்தையும் தொடுகிறது. லண்டனில் அப்பாதிக்கரிகள் (‘அபொதேகாரியுஸ்’ என்பதன் ஆங்கில வடிவம்) மளிகைக்காரர்களின் சங்கத்திலேயே இருந்தார்கள். 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அவர்களுக்குத் தனிச் சங்கம் தந்தார். மருந்து விற்றுக்கொண்டிருந்தவர்கள் போகப்போக நோயாளிகளைப் பார்க்கவும் தொடங்கினார்கள். பெரிய மருத்துவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாத மக்கள் அவர்களைத்தான் நம்பினார்கள். 1815ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, படித்துத் தேர்வெழுதி உரிமம் பெற்ற அப்பாதிக்கரி ஏறக்குறைய இன்றைய குடும்ப மருத்துவர். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816இல் அந்த உரிமத்தை வாங்கியவர். ஜெர்மனியில் மருந்துக்கடைக்காரராகவே நின்றவர், இங்கிலாந்தில் மருத்துவராகிவிட்டார்.

அந்த ஆங்கிலப் பொருளோடுதான் சொல் கடல்தாண்டி வந்தது. 1835இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி (இன்றைய சென்னை மருத்துவக் கல்லூரி) பயிற்சி தந்தது அப்பாதிக்கரிகளுக்கும் ‘டிரஸ்ஸர்’ என்ற உதவியாளர்களுக்கும். இலங்கையில் அப்போதிக்கரி என்பது நெடுங்காலம் ஒரு மருத்துவப் பதவியின் பெயர். பின்னாளில் அது உதவி வைத்தியர் என்று மாறியது. மலையாளத்திலும் அப்போத்திக்கிரி என்றால் பழைய வழக்கில் இங்கிலீஷ் மருந்து கொடுக்கும் வைத்தியர்தான்.

பூத்தீக்கின் உறவும் இந்தக் கரைக்கு எப்போதோ வந்துவிட்டது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த ‘புத்திகா’ வழியாக, 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்திலும் இலங்கையிலும் இருந்த ஆங்கிலேயர்கள் தெருவோரச் சின்னக் கடையை ‘பூட்டிக்’ என்றே எழுதினார்கள். இலங்கை ஆங்கிலத்தில் அந்த வழக்கு அப்புறமும் வெகுகாலம் நீடித்தது. வாழைக்குலை தொங்கும், டீ ஆற்றும் பெட்டிக்கடை அவர்களுக்கு பூட்டிக். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர்களும் லண்டன் இளைஞர் கடைகளும் அதே சொல்லுக்கு நாகரிக உடை விற்கும் சிறுகடை என்ற பொருளை ஏற்றினார்கள். அந்தப் பொருளோடு மறுபடியும் வந்ததுதான் இன்று ஆரி வேலைப்பாட்டு பிளவுஸ் தைத்துத் தரும் பொட்டிக். கிரேக்கர்களும் உடைக்கடைக்கு ‘புத்தீக்’ என்று பிரெஞ்சிலிருந்து வாங்கி வைத்திருக்கிறார்கள். தங்கள் வீட்டிலிருந்து போன சொல்லை இறக்குமதியாகவே வாங்கி, பக்கத்திலேயே குடோனுக்கு அபோதிக்கியையும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது அப்பாவின் கருத்து. வேரைத் தேட வேண்டும் என்ற அவருடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் இத்தனை தூரம் வந்திருக்க முடியாது. ஆனால் வேரின் பொருள் ஒரு சொல்லின் முந்தைய பொருள், அவ்வளவுதான். இன்றைய பொருளைத் தீர்மானிக்கும் உரிமை அதற்குக் கிடையாது. அவரிடமே ‘கிடங்கு’ என்ற சொல்லைக் காட்டுங்கள். சங்க இலக்கியத்தில் கிடங்கு கோட்டையைச் சுற்றிய அகழி, குழி. இன்று நெல் மூட்டை அடுக்கும் இடம். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கு என்று எழுதினால் அது பிழை, அங்கே தண்ணீரும் முதலையும் இருந்தால்தான் சரி என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்ல மாட்டார். ஜெர்மன்காரர்களுக்கும் அந்த நியாயம் உண்டு. எண்ணூறு ஆண்டு நகர வாழ்க்கையில், மருந்துக்கென்றே ஒரு கிடங்கு வேண்டும் என்ற தேவை வந்தபோது கையிலிருந்த சொல்லை அவர்கள் அதற்குக் கொடுத்தார்கள். அந்தப் பயன்பாடுதான் அங்கே சரியான பொருள்.

ஊகிக்கலாமா என்று கேட்டீர்கள். ஊகியுங்கள், ஆனால் நோயாளியின் முன்னால் ஊகிக்காதீர்கள். மருந்து தொடர்பான சொற்களில் மூன்றை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது ‘கிஃப்ட்’. ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. இரண்டும் ‘கொடு’ என்ற ஒரே வினையில் பிறந்தவைதான். கிரேக்க ‘டோசிஸ்’ என்பதற்கும் கொடுப்பது என்றே பொருள். உங்கள் ‘டோஸ்’ அது. அதைப் பார்த்து, கொடுக்கப்பட்ட மருந்தளவு என்ற பொருளில் ஜெர்மனில் கிஃப்ட் வழங்கியது, பிறகு உயிர் போக்கும் அளவைக் குறிக்கும் இடக்கரடக்கலாகி, கடைசியில் நஞ்சாகவே நின்றுவிட்டது. ‘கிஃப்ட்நோட்ரூஃப்’ என்ற பலகையைப் பார்த்தால் அது விஷ முறிவு ஆலோசனைக்கான அவசரத் தொலைபேசி எண்.

இரண்டாவது ‘ரெட்செப்ட்’. மருத்துவர் எழுதித் தரும் சீட்டும் அதுதான், சமையல் குறிப்பும் அதுதான். லத்தீனில் ‘எடுத்துக்கொள்’ என்ற ஏவல் வடிவத்தோடு உறவுடையது. உங்கள் கடைக்கு வரும் மருந்துச் சீட்டின் தலைப்பில் ‘ஆர்எக்ஸ்’ போல ஒரு குறி இருக்குமே, அது அந்த ஏவலின் சுருக்கம்தான்.

மூன்றாவது ‘ட்ரோகெரி’. ‘டிரக்ஸ்’ நினைவில் வந்து, மருந்துக்கடை என்று நினைத்துவிடுவார்கள். அங்கே சோப்பு, ஷாம்பு, பற்பசை, வைட்டமின் கிடைக்கும். பாராசிட்டமால்கூடத் தேடவேண்டிய இடம் அபொடேகெதான். தெருவில் அதை அடையாளம் காண்பது சுலபம்: சிவப்பு நிறத்தில் பழைய ஜெர்மன் பாணியில் எழுதிய ‘ஏ’ எழுத்து, அதனுள் ஒரு கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றிய பாம்பு.

தோற்றத்தை மட்டும் வைத்து உறவு கொண்டாடவும் வேண்டாம். சின்னக் கடையைக் குறிக்கும் ‘பூடெ’ என்ற ஜெர்மன் சொல் பூத்தீக்கின் தங்கை போலத் தெரியும், பொருளும் ஒத்துப்போகும். ஆனால் அது கட்டுதல், குடியிருத்தல் என்ற ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் டிக்கெட் விற்கும் ‘பூத்’தின் உறவு. பாட்டிலுக்கும் பொத்தேகாவுக்கும்கூட உறவில்லை. சந்தேகம் வந்தால் டூடன் அகராதியின் இணையப் பக்கத்தில் சொல்லைத் தட்டிப் பாருங்கள், பிறப்பும் சேர்த்தே இருக்கும். இன்னும் விரிவாக வேண்டுமென்றால் டிடபிள்யூடிஎஸ் என்ற ஜெர்மன் இணைய அகராதி. இரண்டும் இலவசம்.

சொல் வரலாறு தேர்வுக்கு நேரடியாக உதவும் இடம் ஒன்று உண்டு, பால். ஜெர்மனில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன் ஆண்பாலின் ‘டேர்’, எதற்குப் பெண்பாலின் ‘டீ’, எதற்கு நடுப்பாலின் ‘டாஸ்’ வரும் என்பதுதானே எல்லாரையும் படுத்துகிறது. கிரேக்கத்தில் ‘தேகே’ பெண்பால். அதனால் ஜெர்மனில் அதில் முடியும் குடும்பம் முழுக்கப் பெண்பால்: டீ பிப்லியொடேக் (நூலகம், அதாவது நூல் வைக்கும் இடம்), டீ டிஸ்கொடேக், மியூனிக்கின் புகழ்பெற்ற ஓவியக் கூடமான டீ பினகொடேக், டீ அபொடேகெ. அதே ‘வை’ வினையிலிருந்து, அடமானமாகக் கீழே வைப்பது என்ற பொருளில் வந்த டீ ஹிபொடேக் (வீட்டுக்கடன் அடமானம்) அதோடு சேரும். ஐந்து சொல்லின் பால் ஒரே மூச்சில் முடிந்தது.

உச்சரிப்பில் கவனம் வையுங்கள். ஆங்கிலம் படித்த நாம் இந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘த’ என்று சொல்லத் துடிப்போம். ஜெர்மனில் அந்த இடத்தில் டகர ஓசைதான். தியேட்டரும் அவர்களுக்கு ‘டெயாட்டர்’தான். அழுத்தம் மூன்றாவது அசையில் விழும்: அ-பொ-டே-கெ. கடைசி எகரத்தை விழுங்கிவிடாதீர்கள். ‘அபொடேகர்’ என்று ரகரம் சேர்ந்தால் அது மருந்தாளுநர், ஆண், நீங்கள் ‘அபொடேகரின்’.

அந்தப் பெயரைச் சட்டப்படி போட்டுக்கொள்ள ‘அப்ரொபாட்சியோன்’ என்ற உரிமம் வேண்டும். அதற்குப் பொதுமொழியில் பி1-க்கு அடுத்த நிலையான பி2 சான்றிதழும், பிறகு மருந்தாளுநருக்கென்று நடக்கும் தொழில்மொழித் தேர்வும் கேட்பார்கள். அந்தத் தேர்வின் தரம் அதற்கும் ஒரு படி மேலான சி1. நோயாளியோடு உரையாடல், சக மருத்துவப் பணியாளரோடு உரையாடல், ஒரு எழுத்துப் பகுதி என்று அமையும். நீங்கள் தினமும் கல்லாவில் செய்யும் வேலையையே ஜெர்மனில் செய்து காட்ட வேண்டும்: இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள், அலர்ஜி உண்டா. இப்போதிருந்தே கடையில் வாடிக்கையாளரிடம் தமிழில் சொல்வதை இரவு உட்கார்ந்து ஜெர்மனில் சொல்லிப் பழகுங்கள். பி1 இலக்கணமே அதற்குப் பாதிக்கு மேல் போதும்.

விண்ணப்பத்தில் உங்கள் இப்போதைய வேலையை எழுதும்போது, நம் ஊர் வழக்கில் ‘மெடிக்கல்’ என்றோ ‘மெடிக்கல் ஷாப்’ என்றோ எழுதிவிடாதீர்கள். மருத்துவக் கருவிகள் விற்கும் கடை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மருத்துவமனைக்குள் இருப்பது ‘கிராங்கன்ஹவுஸ் அபொடேகெ’. உங்களுடையதுபோலத் தெருவில் பொதுமக்களுக்காக இருப்பது ‘ஒஃபென்ட்லிஷெ அபொடேகெ’, அதாவது பொது மருந்தகம். இந்த இரண்டாவதை எழுதி, பக்கத்தில் எத்தனை ஆண்டு, என்ன பொறுப்பு என்று குறிப்பிடுங்கள்.